உப்பா, சர்க்கரையா? பார்வையற்றவர்கள் யாரையும் கேட்காமல் கடையில் பொருள் வாங்க முடியுமா?

தூத்துக்குடி உப்பளத்தில் குவித்து வைத்திருக்கும் உப்பைக் கையில் அள்ளினால், அது உப்பு என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம். அதே உப்பு பொடியாகி, 1 கிலோ பாக்கெட்டுக்குள் போய், சூப்பர் மார்க்கெட் அலமாரியில் ஏறிவிட்டால்? பக்கத்தில் இருக்கும் சர்க்கரை பாக்கெட்டும் அதே எடை, அதே வழவழப்பு. பார்வை உள்ளவருக்கு இரண்டையும் பிரித்தறிய அரை விநாடி போதும். பார்வையற்றவருக்கோ, யாராவது வந்து சொல்லும் வரை அது வெறும் பாக்கெட்தான்.

இந்தச் சின்ன சிக்கலைத் தீர்க்கத்தான் 20 ஆண்டுகளாகப் பல நாட்டுப் பல்கலைக்கழகங்களும் நிறுவனங்களும் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கின்றன. வழிகாட்டும் ரோபோ வந்தது. பேசும் ஸ்கேனர் வந்தது. இப்போது ஏஐ ஆப்களும் வந்துவிட்டன. இதில் எது நம்ம ஊர் கடையில் வேலைக்கு ஆகும்? எது இன்னும் பாக்கி? சட்டம் என்ன சொல்கிறது? விரிவாகப் பார்க்கலாம்.

எத்தனை பேருக்கான பிரச்சினை இது?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் சுமார் 50.3 லட்சம் பேர். இவர்கள் எல்லோருக்கும் முழு இருட்டு என்று நினைத்துவிடக் கூடாது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 பார்வையின்மை, குறை பார்வை என இரண்டையும் தனித்தனியாக அங்கீகரிக்கிறது. ஒருவருக்கு பாக்கெட்டின் நிறம் தெரியும், எழுத்து தெரியாது. இன்னொருவருக்கு நேரே இருப்பது மட்டும் தெரியும், பக்கவாட்டில் தெரியாது. அதனால் எல்லோருக்கும் பொருந்தும் ஒரே கருவி என்று எதுவும் கிடையாது.

படிக்கத் தெரியாததால் வரும் சிக்கலும் அல்ல இது. இந்தியாவில் பார்வையற்றோருக்கான முதல் பள்ளி 1887இல் அமிர்தசரஸில் தொடங்கியது. அடுத்த மூன்றாவது ஆண்டே, 1890இல், ஆன் ஜேன் ஆஸ்க்வித் என்ற மிஷனரி பாளையங்கோட்டையில் ஒரு பள்ளியைத் தொடங்கிவிட்டார். 1986 வரை நெல்லை மாவட்டத்தோடு சேர்ந்தே இருந்த தூத்துக்குடிக்கு அது பக்கத்து ஊர்ப் பள்ளி. ஆக, விரல் நுனியால் படிப்பவர்கள் இந்தப் பகுதியில் பல தலைமுறைகளாக இருக்கிறார்கள். அவர்கள் படிக்கும்படியாக பாக்கெட்டின் மேல்தான் எதுவும் இல்லை.

அண்ணாச்சி கடை போதாதா?

மளிகைக் கடையில் "அண்ணாச்சி, ஒரு கிலோ துவரம் பருப்பு குடுங்க" என்றால் பொருள் கைக்கு வந்துவிடும். முழுக்க பேச்சில் நடக்கும் வியாபாரம் அது. கடற்கரையில் மீன் ஏலமும் அப்படித்தான், விலை காதில் விழும். கருவாட்டை மோந்து பார்க்கலாம், கருப்பட்டியைத் தொட்டுப் பார்க்கலாம். மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் விரலைப் பிடித்தே விலை பேசி முடிப்பார்கள். அங்கே விலையைத் தெரிந்துகொள்ள கண்ணுக்கு வேலையே இல்லை.

இதை மாற்றியது சுயசேவைக் கடை. 1916இல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் என்பவர் 'பிக்லி விக்லி' என்ற கடையைத் திறந்தார். வாடிக்கையாளரே அலமாரியிலிருந்து பொருளை எடுத்து, வாசலில் பணம் கட்டும் முறையைப் பிரபலமாக்கியது அந்தக் கடைதான். இன்று நம்ம ஊர் சூப்பர் மார்க்கெட்டும் அதே முறையில்தான் ஓடுகிறது. கடைக்காரர் வாயால் சொல்லிக்கொண்டிருந்த தகவல் அத்தனையும் லேபிளில் அச்சாகிவிட்டது. கேட்டால் பதில் சொல்ல பக்கத்தில் ஆள் இல்லை.

அப்படியானால் அண்ணாச்சி கடையோடு நிறுத்திக்கொள்ளலாமே என்று தோன்றலாம். ஆனால் அங்கேயும் சில விஷயங்கள் கைக்கு எட்டாது. அவர் எடுத்துத் தரும் பிராண்டுதான் கிடைக்கும். காலாவதி தேதியை அவர் பார்த்துச் சொன்னால்தான் உண்டு. சானிட்டரி நாப்கினோ, வெளியே சொல்லத் தயங்கும் மருந்தோ வேண்டுமென்றால் நாலு பேர் நிற்கும் இடத்தில் சத்தமாகக் கேட்க வேண்டும். மிச்சக் காசு சரிதானா என்பதிலும் அவர் வார்த்தையை நம்ப வேண்டியதுதான்.

பெரும்பாலான கடைக்காரர்கள் நேர்மையானவர்கள்தான். ஆனாலும் தானே தேர்ந்தெடுப்பது, தானே சரிபார்ப்பது என்ற இரண்டும் இருந்தால்தான் ஒருவர் சுயமாகப் பொருள் வாங்குகிறார் என்று சொல்ல முடியும். தொழில்நுட்பம் உதவ வேண்டியது இந்த இடத்தில்தான்.

ஒரு பொருள் வாங்க எத்தனை படிகள்?

• படி 1: இடிபடாமல் கடை வரை போவது
• படி 2: பொருள் இருக்கும் அலமாரியைக் கண்டுபிடிப்பது
• படி 3: கையில் எடுத்தது என்ன, என்ன விலை, என்ன தேதி என்று தெரிந்துகொள்வது
• படி 4: பணம் கொடுத்து, கணக்கைச் சரிபார்ப்பது

நாலில் ஒன்று தடைபட்டாலும் யாரையாவது கூப்பிட வேண்டியதுதான். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

படி 1: கடை வாசல் வரை

வெள்ளைக் கோல் தரையில் இருப்பதைக் காட்டிக்கொடுக்கும். கடை வாசலில் தலை உயரத்தில் தொங்கும் வாழைத்தாரையோ, ஷாம்பு பாக்கெட் சரத்தையோ, பாதி இறக்கிவிட்ட ஷட்டரையோ காட்டாது. இதற்காக டெல்லி ஐஐடியில் பேராசிரியர் எம்.பாலகிருஷ்ணன் குழு உருவாக்கியதுதான் 'ஸ்மார்ட்கேன்'. வழக்கமான கோலின் கைப்பிடியில் பொருத்தும் கருவி இது. மனிதக் காதுக்குக் கேட்காத ஒலி அலையை அனுப்பி, அது பட்டுத் திரும்பும் நேரத்தை வைத்து, முழங்காலுக்கு மேலே இருக்கும் தடைகளை 3 மீட்டர் தொலைவிலேயே கண்டுபிடித்து கைப்பிடியில் அதிர்வாகச் சொல்லிவிடும். 2014இல் அறிமுகமான இதைத் தயாரித்தது சென்னையைச் சேர்ந்த ஃபீனிக்ஸ் மெடிக்கல் சிஸ்டம்ஸ் நிறுவனம்.

படி 2: எந்த அலமாரியில் இருக்கிறது?

இதுதான் இன்று வரை கடினமான படி. ஜிபிஎஸ் தெருவைக் காட்டும், கட்டடத்துக்குள் வந்துவிட்டால் எந்த வரிசை, எந்தத் தட்டு என்று அதற்குத் தெரியாது.

அமெரிக்காவின் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் விளாடிமிர் குல்யூகின் குழு 2000களில் 'ரோபோகார்ட்' என்ற ரோபோவைச் செய்து பார்த்தது. கடைக்குள் ஆங்காங்கே பதித்த ஆர்.எஃப்.ஐ.டி. குறிகளைப் படித்துக்கொண்டே அது முன்னால் போகும், வாடிக்கையாளர் அதைப் பிடித்துக்கொண்டு பின்னால் போவார். வேலை செய்தது. ஆனால் ரோபோவையும் வாங்கி, கடையிலும் குறிகளைப் பதிக்க எந்த முதலாளி முன்வருவார்?

அடுத்து அதே பல்கலைக்கழகத்தில் ரோபோ இல்லாமல் ஒரு வழியை யோசித்தார்கள். அதன் பெயர் 'ஷாப்டாக்'. அலமாரித் தட்டுகளின் விளிம்பில் கடைக்காரர்கள் தங்கள் வசதிக்காக ஏற்கெனவே ஒட்டியிருக்கும் பார்கோடுகளையே வழிகாட்டியாக்கினார்கள். ஸ்கேனரைத் தட்டின் விளிம்பில் வைத்தால் போதும், இப்போது எங்கே நிற்கிறோம், இன்னும் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று குரல் சொல்லும். செலவு குறைந்தது. ஆனால் எந்தப் பொருள் எந்த இடத்தில் இருக்கிறது என்ற பட்டியலைக் கடை கொடுத்தாக வேண்டும், பொருளை இடம் மாற்றினால் பட்டியலையும் மாற்ற வேண்டும். அந்த ஒழுங்கு எல்லாக் கடையிலும் இருக்காது.

படி 3: கையில் இருப்பது என்ன?

இந்தப் படியில் முன்னோடி முயற்சிகளில் ஒன்று 'திரிநேத்ரா'. பெயரைக் கேட்டதுமே புரிந்திருக்கும், மூன்று கண்கள் என்று பொருள். அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில், இந்திய வம்சாவளியைச் சேர்ந்த பேராசிரியர் பிரியா நரசிம்மன் தலைமையில் 2000களின் நடுவில் இது உருவானது. கையடக்க பார்கோடு ஸ்கேனர், ப்ளூடூத், எழுத்தை வாசித்துச் சொல்லும் மென்பொருள் உள்ள செல்போன், இவ்வளவுதான் கருவிகள். பார்கோடை ஸ்கேன் செய்தால் அந்த எண்ணுக்குரிய பொருளின் பெயரை இணையத்தில் தேடி எடுத்து, போன் காதில் சொல்லும்.

புதிதாக எதையும் தயாரிக்காமல், சந்தையில் கிடைக்கும் பொருள்களை வைத்தே செய்ததுதான் இதன் சிறப்பு. கடையில் எதையும் மாற்ற வேண்டியதில்லை. ஸ்மார்ட்போன் வந்த பிறகு தனி ஸ்கேனரும் தேவையில்லாமல் போனது. 2017இல் வந்த மைக்ரோசாஃப்டின் 'சீயிங் ஏஐ' ஆப்பில், கேமராவுக்கு முன்னால் பாக்கெட்டைத் திருப்பிக்கொண்டே இருந்தால், பார்கோடு நெருங்க நெருங்க பீப் சத்தம் வேகமெடுக்கும். கோடு சிக்கியதும் பொருளின் பெயரைச் சொல்லிவிடும். கூகுளின் 'லுக்அவுட்' ஆப்பிலும் உணவு லேபிளைப் படிக்கும் வசதி 2020இல் சேர்ந்தது.

டென்மார்க்கில் ஹான்ஸ் யோர்கன் விபெர்க் என்ற குறை பார்வை உள்ளவர் தொடங்கிய 'பி மை ஐஸ்' இன்னொரு வழியைக் காட்டியது. 2015இல் வந்த இந்த ஆப்பில் வீடியோ கால் போட்டால், உலகில் எங்கோ இருக்கும் ஒரு தன்னார்வலர் உங்கள் கேமரா வழியாகப் பார்த்துப் பதில் சொல்வார். 2023 முதல், மனிதருக்குப் பதிலாக ஏஐ படத்தைப் பார்த்து விவரிக்கும் வசதியும் இதில் இருக்கிறது.

நம்ம ஊர் கடையில் இது எங்கே சறுக்குகிறது?

• பார்கோடு வெறும் எண்தான். அந்த எண்ணுக்குரிய விவரம் எங்கோ ஒரு தரவுத்தளத்தில் இருந்தால்தான் பெயர் வரும். பெரிய நிறுவன பிஸ்கட் வரலாம், உள்ளூர் மசாலா பொடி வராமல் போகலாம்.
• பார்கோடு பொருளின் வகையைத்தான் சொல்லும். காலாவதி தேதி அதில் இருக்காது.
• அந்தத் தேதியோ, பளபளக்கும் பாக்கெட்டின் மடிப்பில் புள்ளி புள்ளியாக மங்கலாக அச்சாகியிருக்கும். கேமராவுக்கு அதுதான் பெரிய சவால்.
• பழ, காய்கறி, மீன், சில்லறையாக நிறுத்துத் தரும் பருப்பு எதற்கும் லேபிளே கிடையாது.
• ஏஐ தெரியாததையும் தெரிந்த மாதிரி சொல்லிவிடும். மருந்து, ஒவ்வாமை தரும் உணவு போன்றவற்றில் அதை மட்டும் நம்பினால் ஆபத்து.

இங்கே ஆப் தயாரிப்பவரைவிட பாக்கெட் தயாரிப்பவர் செய்யக்கூடியது அதிகம். ஐரோப்பிய ஒன்றியம் 2004இல் கொண்டுவந்த விதிப்படி, மருந்துப் பெட்டியின் மேல் மருந்தின் பெயர் பிரெய்லில் இருக்க வேண்டும். பிரிட்டனில் கெலாக்ஸ் நிறுவனம் 2020இல் தன் உணவுப் பெட்டியில் 'நேவிலென்ஸ்' என்ற வண்ணக் கட்டக் குறியைச் சோதித்துப் பார்த்தது. போனைச் சரியாகக் குறிபார்க்கத் தேவையில்லை, 3 மீட்டர் தள்ளி நின்றாலே குறியைப் படித்துவிடும். சோதனைக்குப் பிறகு நிறுவனம் அதை ஐரோப்பாவில் விரிவாக்கியது.

இந்தியாவில் பாக்கெட் பொருள்களின் மேல் எடை, விலை, தயாரித்த காலம் போன்றவற்றை அச்சிடுவது 2011ஆம் ஆண்டு எடையளவு விதிகளின்படி கட்டாயம். ஆனால் தொட்டு உணரும் குறி வேண்டும் என்று அந்த விதிகள் சொல்லவில்லை. 2023 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம், பார்வை மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்தும்படி உணவு பாக்கெட்டில் கியூஆர் கோடு போடுமாறு நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. மூலப்பொருள்கள், ஒவ்வாமைத் தகவல், காலாவதி தேதி எல்லாம் அதில் இருக்க வேண்டும் என்பது யோசனை. நல்ல யோசனைதான், ஆனால் அது அறிவுரை, கட்டாயம் அல்ல. கியூஆர் கோடு பாக்கெட்டின் எந்த மூலையில் இருக்கிறது என்று விரலுக்குத் தெரிய வேண்டுமே, அதற்கும் வழி செய்தாக வேண்டும்.

படி 4: பணம் கொடுப்பது

நாலு படிகளில் இந்தியா ஓரளவு முன்னேறியிருப்பது இதில்தான்.

முதலில் நோட்டு. பழைய 100 ரூபாய் நோட்டின் நீளம் 157 மி.மீ., 500 ரூபாய் 167 மி.மீ. இரண்டையும் சேர்த்து வைத்தால் 10 மி.மீ. வித்தியாசம் விரலுக்குத் தெரியும். 2016க்குப் பிறகு வந்த புதிய வரிசையில் 100 ரூபாய் 142 மி.மீ., 200 ரூபாய் 146 மி.மீ., 500 ரூபாய் 150 மி.மீ. அகலம் மூன்றுக்கும் ஒன்றுதான், 66 மி.மீ. நோட்டுக்கு நோட்டு 4 மி.மீ.தான் வித்தியாசம். கிட்டத்தட்ட ஓர் அரிசி மணி நீளம். 100 ரூபாய்க்கும் அதற்கு மேலான நோட்டுகளுக்கும் ஓரத்தில் மேடாக அச்சிட்ட கோடுகள் உண்டு. 100 ரூபாயில் 4, 500 ரூபாயில் 5. கை மாறி மாறித் தேய்ந்த நோட்டில் அந்த மேடு காணாமல் போய்விடும்.

இதற்கு ரிசர்வ் வங்கி கொண்டுவந்த தீர்வு 'மணி' ஆப். 2020 ஜனவரி 1இல் வெளியானது. நோட்டைக் கேமராவுக்கு முன்னால் காட்டினால் எத்தனை ரூபாய் என்று சொல்லும். பாதியாக மடித்த நோட்டையும் கண்டுபிடிக்கும், இணையமும் தேவையில்லை. முதலில் இந்தி, ஆங்கிலத்தில் மட்டும் பேசியது, பின்னர் தமிழ் உட்பட மேலும் 11 மொழிகள் சேர்ந்தன. நல்ல நோட்டா, கள்ள நோட்டா என்று மட்டும் சொல்லாது.

நாணயத்தில் வேலை இன்னும் சுலபம். 2019 மார்ச் 7இல் வெளியான 1, 2, 5, 10, 20 ரூபாய் நாணய வரிசை, பார்வை மாற்றுத்திறனாளிகளை மனதில் வைத்தே வடிவமைக்கப்பட்டது. மதிப்பு கூடக் கூட எடையும் கூடும். 20 ரூபாய் நாணயத்துக்கு 12 பக்கங்கள், தடவினாலே தெரிந்துவிடும்.

அடுத்து யுபிஐ. போனில் திரைவாசிப்பான் இருந்தால் தொகையைத் தானே அடித்து, தானே அனுப்பலாம், சில்லறைத் தொல்லை இல்லை. கடைக்காரருக்காக வைத்த பேசும் பெட்டி இங்கே எதிர்பாராத உதவி செய்கிறது. எவ்வளவு ரூபாய் வந்தது என்று அது தமிழில் சொல்லும்போது, கொடுத்தவருக்கும் கணக்கு உறுதியாகிவிடுகிறது. ஸ்மார்ட்போன் இல்லாதவர்களுக்காக 2022 மார்ச்சில் 'யுபிஐ 123பே' வந்தது. சாதாரண போனில் குரல் அழைப்பு வழியாகவே பணம் அனுப்பலாம்.

சிக்கல் கார்டு மிஷினில். பழைய மிஷினில் 5ஆம் எண் பொத்தானின் மேல் ஒரு சின்னப் புள்ளி இருக்கும். அதை வைத்து மற்ற எண்களைக் கண்டுபிடித்து பின் நம்பரை அடித்துவிடலாம். முழுக்க தொடுதிரையாக வரும் மிஷினில் பிடிக்க எதுவும் இல்லை. கடைசியில் ரகசிய எண்ணை மற்றவரிடம் வாய்விட்டுச் சொல்லும் நிலை வருகிறது.

வீட்டிலிருந்தே ஆர்டர் செய்தால்?

ஆன்லைனில் வாங்கினால் முதல் இரண்டு படிகளும் மிச்சம். ஆனால் ஆப்பில் பொத்தானுக்குப் பெயர் வைக்காமல் விட்டால் திரைவாசிப்பான் "பட்டன், பட்டன்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருக்கும். பொருளின் விவரத்தைப் படமாகப் போட்டுவிட்டால் அதைப் படிப்பதும் சிரமம்.

இதற்காக அமெரிக்காவில் பார்வையற்றோர் தேசியக் கூட்டமைப்பு 2006இல் 'டார்கெட்' என்ற பெரிய கடை நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டது. 2008இல் 60 லட்சம் டாலர் கொடுத்து, இணையதளத்தையும் சரிசெய்ய ஒப்புக்கொண்டு நிறுவனம் சமரசம் செய்துகொண்டது.

இந்தியச் சட்டம் என்ன சொல்கிறது?

• மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 43ஆம் பிரிவு, எல்லோரும் பயன்படுத்தும் வடிவமைப்பில் நுகர்பொருள்கள் வருவதற்கு அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது.
• 46ஆம் பிரிவு, அரசோ தனியாரோ, சேவை தருபவர்கள் அணுகல் வசதிக்கான விதிகளின்படி 2 ஆண்டுகளுக்குள் சேவையை மாற்றிக்கொள்ள வேண்டும் என்கிறது.
• 2024 நவம்பர் 8இல் ராஜீவ் ரதூரி வழக்கில், அணுகல் விதிகளை வெறும் பரிந்துரையாக வைத்திருந்த 15ஆம் விதி சட்டத்துக்கே முரணானது என்றது உச்ச நீதிமன்றம். கட்டாய விதிகளை உருவாக்க மத்திய அரசுக்கு 3 மாத அவகாசம் கொடுத்தது.
• 2025 ஏப்ரல் 30இல் இன்னொரு முக்கியத் தீர்ப்பு. வங்கிக் கணக்குக்கான கேஒய்சியில் "கண்ணைச் சிமிட்டுங்கள்" என்று ஆப் கேட்டால் பார்வையற்றவர் என்ன செய்வார்? பார்வையற்ற வழக்கறிஞர் அமர் ஜெயின், ஆசிட் வீச்சில் பாதிக்கப்பட்ட பிரக்யா பிரசூன் உள்ளிட்டோர் தொடுத்த வழக்குகளில், நீதிபதிகள் ஜே.பி.பர்திவாலா, ஆர்.மகாதேவன் அமர்வு 20 உத்தரவுகளைப் பிறப்பித்தது. டிஜிட்டல் சேவைகளை அணுகுவது, அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்றும் சொன்னது.

போனில் இன்றே என்ன செய்யலாம்?

• ஆண்ட்ராய்டு போனில் அமைப்புகள் பகுதிக்குப் போய், அணுகல்தன்மையில் 'டாக்பேக்' வசதியை இயக்கலாம். ஐபோனில் இதன் பெயர் 'வாய்ஸ்ஓவர்'.
• கடையில் பின் நம்பர் அடிக்கும்போது ஒரு காதில் இயர்போன் இருக்கட்டும். போன் சொல்வது பக்கத்தில் நிற்பவருக்குக் கேட்காது.
• வழக்கமாகப் போகும் கடையின் யுபிஐ எண்ணை ஒருமுறை சேமித்துவிட்டால், கியூஆர் ஸ்டிக்கரைத் தேட வேண்டியதில்லை.
• பார்வை மாற்றுத்திறனாளிகளுக்கு உரிய செயலியுடன் ஸ்மார்ட்போன் வழங்கும் திட்டம் தமிழ்நாடு அரசிடம் இருக்கிறது. தகுதி, விண்ணப்ப விவரங்களை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்கலாம்.

கடைக்காரர்கள் என்ன செய்யலாம்?

• முதலில் வாடிக்கையாளரிடமே பேசுங்கள், கூட வந்தவரிடம் அல்ல. "என்ன வேணும், எந்த பிராண்ட் வேணும்" என்று கேளுங்கள்.
• பொருளைக் கையில் கொடுக்கும்போதே பெயர், விலை, காலாவதி தேதி மூன்றையும் சொல்லிவிடுங்கள்.
• மிச்சக் காசை மொத்தமாகத் திணிக்காமல், "இது நூறு, இது அம்பது" என்று ஒவ்வொன்றாகக் கொடுங்கள்.
• கையைப் பிடித்து இழுக்க வேண்டாம். உங்கள் முழங்கையை நீட்டினால் அவரே பிடித்துக்கொள்வார்.
• அடிக்கடி விற்கும் பொருள்களின் இடத்தை மாற்றாதீர்கள். மாற்றினால் வழக்கமாக வருபவரிடம் சொல்லிவிடுங்கள்.
• வாசலில் தலை உயரத்தில் எதையும் தொங்கவிட வேண்டாம்.

இதில் எதற்கும் காசு செலவில்லை.

எங்கே புகார் செய்வது?

பொருளிலோ விலையிலோ ஏமாற்றப்பட்டால், பார்வையற்றவரும் மற்ற நுகர்வோரைப் போலவே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். மாற்றுத்திறனாளி என்பதற்காகக் கடையிலோ வங்கியிலோ ஆப்பிலோ சேவை மறுக்கப்பட்டால், மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் புகார் கொடுக்கலாம். எந்தத் தேதியில், எந்தப் படியில், என்ன தடைபட்டது என்று குறித்து வைத்துக்கொண்டு புகார் கொடுத்தால் விசாரிப்பது சுலபமாக இருக்கும்.